அளவுக் கயிறு

அன்று காலை இன்னாசியம்மாள் காப்பியைத் தொடவில்லை. டம்ளரில் ஆடை படிந்து, அதன்மேல் ஈ வந்து உட்கார்ந்த பிறகும் தொடவில்லை.

"ஆறிப்போச்சு அத்தே. வேற கலந்து தரட்டா?" என்று கேட்டாள் மருமகள் அக்னஸ்.

"எதுக்குடி? அளவுதான் எடுத்துட்டியே... இனிமே எனக்குக் காப்பி எதுக்கு, கஞ்சி எதுக்கு?"

டம்ளரை எடுக்க நீட்டிய கையை அக்னஸ் இழுத்துக்கொண்டாள். கூடத்தில் நாத்தனார் ஜெயம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். புருஷன் லூர்து பிரகாஷ் கண்டக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போடாமல் அம்மாவையே பார்த்தபடி நின்றான்.

இன்னாசியம்மாள் இடுப்பில் செருகியிருந்த ஒரு சணல் கயிற்றை உருவி நடுக்கூடத்தில் வீசினாள். அதில் மூன்று முடிச்சுகள் இருந்தன.

"பாருடா பிரகாசு! நேத்து மத்தியானம் நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு உன் பொண்டாட்டி என் குதிகால்லேர்ந்து கயிறு வெச்சு அளந்தா. நீட்டுல அளந்தா... இடுப்பாண்ட அகலம் அளந்தா... உங்கப்பனுக்கு உசுரு போன அப்புறம்தான்டா கயிறு வெச்சாங்க. எனக்கு மூச்சு இருக்கறப்பவே பெட்டிக்கு அளவு எடுத்துட்டாடா!"

திண்டிவனத்தில் அந்த மாதா கோயில் தெருவுக்குக் கதவும் ஜன்னலும் செய்வது தச்சுப் பட்டறை தேவசகாயம். சவப்பெட்டி செய்வதும் அவர்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சணல் கயிற்றோடு வருவார். நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு பேசாமல் போய்விடுவார். அதைப் பார்க்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

"அது மட்டுமா தம்பி? போன வாரம் தேவசகாயம் பட்டறையில நின்னு பலகை வாங்கினாளாம். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கண்ணால பார்த்திருக்கா. அவதான் நேத்து எனக்குப் போன் போட்டுச் சொன்னா!" என்றாள் ஜெயம்.

பிரகாஷ் மனைவியின் பக்கம் திரும்பினான். "சொல்லேன் அக்னஸு... எதுக்கு அளந்த?"

நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் பழி தீர்ந்துபோகும். அக்னஸ் வாயைத் திறந்தாள். எதிரே மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

இரண்டு மாதமாக இன்னாசியம்மாள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. அக்னஸ் தலைமாட்டில் வைக்கிற சொம்பு மறுநாளும் தளும்பத் தளும்ப அப்படியே இருக்கும். காரணம் அவளுக்குத் தெரியும். கக்கூஸ் தோட்டத்துக் கோடியில் இருந்தது. வழியெல்லாம் மேடு பள்ளம். ஏறுவதற்கு முழங்கால் உயரத்தில் மூன்று படிகள், பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மூட்டு இரண்டும் வீங்கிப்போனவள் ஏறி, குந்தி, எழுந்திருப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். பத்து நாளைக்கு முன்பு ஒரு விடியற்காலையில், குழாயடியில் தன் புடவையைத் தானே திருட்டுத்தனமாக அலசிக்கொண்டிருந்த மாமியாரைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள் அக்னஸ். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

கான்வென்ட் ஹாஸ்டலில் முப்பது வருஷம் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள் இன்னாசியம்மாள். இருநூறு பெண் பிள்ளைகளைக் கரண்டிச் சத்தத்திலேயே அடக்கியவள். 'கோல் ஊனிக்கினு நடங்களேம்மா' என்று மகன் வாங்கி வந்த கைத்தடியை விறகோடு விறகாகப் போட்டவள். அவளிடம் போய், 'உங்க முட்டிக்கு அளவு குடுங்க அத்தே' என்று கேட்க முடியுமா? இப்போது மகனுக்கும் மகளுக்கும் முன்னால் காரணத்தைச் சொன்னால், அந்தப் புடவையையும் அல்லவா நடுக்கூடத்தில் பிரித்துப் போட வேண்டியிருக்கும்?

"சும்மாத்தாங்க..." என்றாள் அக்னஸ்.

அதைவிட மோசமான பதில் உலகத்தில் இருக்க முடியாது.

"சும்மாவா! கேட்டியாடி ஜெயம்? சும்மா அளந்தாளாம்!" இன்னாசியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எடுடி என் பொட்டிய. இனிமே இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சேன்னா நான் இன்னாசியம்மா இல்ல!"

ஜெயத்தின் தோளைக்கூடப் பிடிக்காமல் விந்தி விந்தி அவள் தெருமுனை திரும்பும்வரை அக்னஸ் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, தரையில் கிடந்த கயிற்றை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.

மாமனார் லூர்துநாதனின் நினைவுத் திருப்பலிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. என்ன கோபம் இருந்தாலும் அன்றைக்கு அத்தை வராமல் இருக்கமாட்டாள். வந்த அன்று ஒரு தரமாவது தடுமாறாமல் போய் வரட்டும். அக்னஸுக்கு அதற்குமேல் ஆசை இல்லை.

அவள் பெருமுக்கல் பக்கத்துப் பெண். ஆண் பிள்ளை இல்லாத வீடு. சுவர் பூசுவதும் கதவுக்குக் கீல் அடிப்பதும் பெண்கள் மூன்று பேருடைய வேலை. மறுநாளே மண்வெட்டியை எடுத்துப் பாதையைச் சமப்படுத்தினாள். உயரப் படி மூன்றையும் உடைத்து, செங்கல் அடுக்கி, ஒரே சரிவாகச் சிமெண்ட் போட்டாள். தண்ணீர் கூடிப்போய் மூன்றாம் நாள் அது பாளம் பாளமாக வெடித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் கையாலேயே அதைக் கொத்திப் போட்டுவிட்டு மறுபடியும் போட்டாள். கால் வழுக்காமல் இருக்க, ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு கோடாக இழுத்துவிட்டாள்.

பிறகு கைப்பிடிக்குச் சவுக்குக் கழிகளை நட்டாள். எந்த உயரம் என்று யோசிக்கும்போது கை தானாகக் கதவுக்குப் பின்னால் போயிற்று. கயிற்றில் முதல் முடிச்சு முட்டி, இரண்டாவது முழங்கை. இரண்டாவதிலிருந்து மூன்றாவது முடிச்சுவரை உட்காரும் அகலம். தனக்குச் சரியாக வந்த கழி, கயிற்றை வைத்துப் பார்த்தால் ஒரு சாண் அதிகம். பிடுங்கி நட்டு, மேலே நீளவாக்கில் ஒரு கழியைக் கட்டினாள். கழியைச் சிராய் இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

"அம்மாவ வெளிய அனுப்பிட்டு வீட்ட அழகுபடுத்திக்கினு இருக்கறியா?" என்றான் பிரகாஷ், வேலையிலிருந்து வந்து நின்ற கோலத்தில்.

"வழி வழுக்குதுங்க... அதான்."

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டான். அன்று இரவும் பேசவில்லை, அடுத்த வாரமும் பேசவில்லை. தேவசகாயத்திடம் வாங்கிய பலகையை அவள் விறகுக் கொட்டகையில் வைத்து அறுத்தாள். நடுவில் ஓட்டை விட்டு, நாலு கால் வைத்து, கக்கூஸ் பீங்கானுக்குமேல் பொருந்துகிற மாதிரி ஒரு இருக்கை. முதல் பலகை கோணிக்கொண்டது. இரண்டாவது சரியாக வந்தது. அதற்கு வார்னிஷ் அடித்துச் சாக்கு போட்டு மூடி வைத்தாள். திருப்பலிக்கு முதல் நாள்தான் கொண்டுபோய்ப் பொருத்தினாள்.

திருப்பலி முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். இன்னாசியம்மாள் வாசல் அறை நாற்காலியில் உட்கார்ந்து, மருமகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்னஸ் வைத்த சொம்பை முழங்கையால் தள்ளி வைத்தாள்.

பதினோரு மணி வாக்கில் அவள் கால்கள் நிலைகொள்ளாமல் தவிப்பதை அக்னஸ் கவனித்தாள். உடனே சமையலறைக்குப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பார்க்கக் கூடாது... தான் பார்ப்பதாக அத்தைக்குத் தோன்றவே கூடாது!

பின்வாசலில் விந்தல் நடை கேட்டது. படி இருந்த இடத்தில் அது நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. கதவு சாத்தும் சத்தம். பிறகு வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"இன்னாம்மா, ஆளையே காணோம்?" என்று ஜெயம் எழுந்து போனாள்.

"நீ இரு. அவள வரச்சொல்லு" என்று தோட்டத்திலிருந்து இன்னாசியம்மாளின் குரல் வந்தது.

அக்னஸ் ஓடினாள். மாமியார் சரிவின் நடுவில், சவுக்குக் கழியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முழங்கை மடங்கி, கை வாகாகக் கழியின்மேல் உட்கார்ந்திருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

"அந்தக் கயிறு எங்கடி?"

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். இன்னாசியம்மாள் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றைத் தூக்கினாள். முதல் முடிச்சு முட்டியில் வந்து நின்றது. இரண்டாவது முழங்கையில். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா அக்னஸு?"

"எது அத்தே?"

"அதான்... அன்னிக்கு... குழாயடியில..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தே."

கிழவி அவள் கண்ணுக்குள் பார்த்தாள். பிறகு கொப்பளித்துப் போயிருந்த அந்த உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். அடுத்த நொடி மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "எம்மா... என் தாயே... வாய தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி!" என்று தேம்பினாள். பதினேழு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையை அக்னஸாலும் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டுப் பிரகாஷும் ஜெயமும் பின்வாசலுக்கு வந்தார்கள். இன்னாசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஹாஸ்டல் காலத்துக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"இன்னா பாக்கறீங்க? இவ அளந்தது பெட்டிக்கு இல்ல. இந்தக் கழிக்கும் உள்ள இருக்கற ஆசனத்துக்கும்! முட்டி செத்துப்போயி இந்தப் படி ஏற முடியாம ரெண்டு மாசமா தவிச்சேன். பெத்த புள்ளைங்க ஒருத்தருக்கும் தெரியல. இவளுக்குத் தெரிஞ்சிருக்கு!"

பிரகாஷ் கழியைத் தொட்டுப் பார்த்தான். தலை நிமிரவே இல்லை. ஜெயம் அக்னஸின் அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி கொண்டா அக்னஸு."

அவள் தள்ளி வைத்த சொம்பையே அக்னஸ் கொண்டுவந்தாள். இன்னாசியம்மாள் ஒரு கையால் கழியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தாள்.

"இன்னொரு சொம்பு" என்றாள்.

அக்னஸ் திரும்பினாள். பிரகாஷ் அவள் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டான். "நீ அம்மாவாண்ட இரு. நான் கொண்டாறேன்."