வைரவனுக்கு ஒரு வேலி

அந்தக் கோடை விடுமுறையில் ஷாகிராவுக்குப் பேச ஆளே கிடைக்கவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவரை அவள் வாயை மூடியதே கிடையாது. சந்து முழுக்கச் சிநேகிதிகள். ஏப்ரல் மாதம் அத்தாவுக்கு மந்தைவெளி பஸ் டெப்போவுக்கு வேலை மாற்றல் வந்தது. வீடும் மாறியது. புதுத் தெருவில் இருந்த பிள்ளைகளெல்லாம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அதே சமயம், மயிலாப்பூரில் ஒரு மார்க்கெட்டின் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டார்கள். கைவேலை தெரிந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து பொருள் செய்யலாம், அங்கேயே விற்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும்வரைதான் கொட்டகை, அப்புறம் பிரித்துவிடுவார்கள். ஷாகிராவின் அம்மா நஸ்ருன்னிசா ஒயர் கூடை பின்னுவதில் கெட்டிக்காரர். அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. மகளை வீட்டில் தனியாக விட முடியாதே! அதனால் ஷாகிராவும் தினமும் கூடவே வந்தாள்.

பின்னும்போது அம்மா பேச மாட்டார். பேசினால் முடிச்சுக் கணக்கு தப்பிவிடும். பக்கத்தில் தனபாலன் மாமா பிள்ளைகளுக்கான மர வண்டி செய்துகொண்டிருப்பார். அவர் வாயில் எப்போதும் நாலைந்து ஆணி இருக்கும்.

"மாமா, இந்த வண்டிக்கு என்ன கலர் அடிப்பீங்க?"

"ம்."

"சிவப்பா, பச்சையா?"

"ம்."

அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? ஷாகிரா தன் குட்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னுவாள். கை வலித்தால் நிறுத்திவிட்டு மார்க்கெட்டைப் பார்ப்பாள். தேங்காய்க் கடைக்காரர் எத்தனை முறை கொட்டாவி விடுகிறார், சாம்பல் பூனை தன் குட்டிகளை எங்கே தூக்கிக்கொண்டு போகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அதையெல்லாம் யாரிடம் சொல்வது?

எதிரே முத்துலட்சுமி அக்காவின் கீரைக்கடை. அக்காவின் மகள் சீதாவுக்கும் ஷாகிராவின் வயசுதான் இருக்கும். சீதாவின் இடுப்பில் எப்போதும் அவள் தம்பி வைரவன் இருப்பான். நடக்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆன பயல். கீழே விட்டால் போதும், காய்கறி வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடிவிடுவான். பூனையைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சீதாவின் முடியைப் பிடித்து இழுத்து, "ஆவ்! ஆவ்!" என்று கத்தி இறங்கப் பார்ப்பான்.

சீதா சில நேரம் கொட்டகையைப் பார்ப்பாள். ஷாகிரா சிரிப்பாள். அதற்குள் வைரவன் சீதாவின் மூக்கைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிடுவான்.

ஒரு மத்தியானம் சீதாவே வந்துவிட்டாள். தம்பியைக் கீழே இறக்கிவிட்டு ஷாகிராவின் எதிரில் குந்தினாள்.

"இன்னா இது, உருண்டை உருண்டையா கீது?"

"நெல்லிக்காய் முடிச்சு."

"நெல்லிக்காயா? துன்லாமா?"

"கடிச்சுப் பாரு. பல்லுதான் போகும்."

சீதா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஷாகிராவுக்கு அப்படியொரு சந்தோஷம். எத்தனை நாளாகச் சேர்த்து வைத்த பேச்சு! ஒயரை எப்படி மடிக்க வேண்டும், எங்கே நுழைக்க வேண்டும் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். சீதா ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். அது நெல்லிக்காய் மாதிரி இல்லை. மிதிபட்ட தக்காளி மாதிரி இருந்தது. இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டே சீதா திரும்பினாள். வைரவனைக் காணோம்.

"ஐயோ, தம்பீ!"

முத்துலட்சுமி அக்கா கீரைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "பஸ் போற ரோடாச்சே!" என்று யாரோ கத்த, எல்லோரும் வாசல் பக்கம் ஓடினார்கள். சீதா அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

ஷாகிரா மட்டும் வாசலுக்குப் போகவில்லை. பூனை போகிற பக்கம்தானே வைரவன் போவான்? பூனை தன் குட்டிகளைத் தேங்காய்க் கடைக்குப் பின்னால் அல்லவா வைத்திருக்கிறது?

அங்கே ஓடினாள். சாக்கு மூட்டைகளின் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் தேங்காய் நாராக வைரவன் உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு பூனைக்குட்டிகள். தாய்ப்பூனை பக்கத்தில் படுத்துக்கொண்டு, 'இதையும் நானேதான் வளர்க்க வேண்டுமா?' என்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிடைச்சுட்டான்! இங்க இருக்கான்!" என்று ஷாகிரா கத்தினாள்.

முத்துலட்சுமி அக்கா ஓடிவந்து மகனை வாரி அணைத்துக்கொண்டார். ஷாகிராவின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். அடுத்த நொடி சீதாவின் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"புள்ளைய உட்டுட்டு இன்னாடி வேடிக்கை? இனிமே கடையை உட்டு அந்தாண்ட போனே, காலை ஒடிச்சிடுவேன்!"

சீதா தம்பியை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். ஷாகிராவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு சீதா கொட்டகைப் பக்கமே பார்ப்பதில்லை. முன்பு இருந்த தனிமை பரவாயில்லை என்று ஷாகிராவுக்குத் தோன்றியது. ஒரு முறை சிரித்துவிட்ட பிறகு சும்மா உட்கார்ந்திருப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் காலை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா பின்னிய கூடைகளிலேயே பெரியதை எடுத்துக்கொண்டு கீரைக்கடைக்குப் போனாள்.

"அக்கா, வைரவனை இதுல உட்கார வைக்கலாமா? எங்கேயும் போக மாட்டான்."

முத்துலட்சுமி அக்கா சந்தேகத்தோடு மகனைக் கூடைக்குள் இறக்கினார். வைரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கூடையும் சாய்ந்தது. கூடையும் அவனுமாக உருண்டு போய்ப் பக்கத்துக் கடை முள்ளங்கிக் குவியலில் மோதினான். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கைதட்டினான். மார்க்கெட்டே சிரித்தது.

"எம் புள்ள இன்னா பூசணிக்காயா, கூடையில போட்டு வெக்க? போம்மா, உன் வேலையப் பாரு."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் ஷாகிராவுக்குக் கண் கலங்கியது. கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்று அவள் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. கீரைக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாக்குக் கூரை, அதைத் தாங்கும் மூங்கில் கால்கள். முன்னால் முத்துலட்சுமி அக்கா. அக்காவுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். அதற்கும் பின்னால் மார்க்கெட் சுவர். அப்படியென்றால் திறந்திருப்பது இரண்டே பக்கம்தானே?

"அம்மா, அந்தத் துண்டு ஒயர் மூட்டையை நான் எடுத்துக்கட்டுமா?"

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். "எடுத்துக்க" என்றார்.

முருங்கைக்கீரை வாங்கப் போனபோது, மூங்கில் காலுக்கும் சுவருக்கும் நடுவே கையால் முழம் போட்டு அளந்தாள் ஷாகிரா.

"இன்னாடி, பூ விக்கப் போறியா?" என்றார் அக்கா.

கொட்டகையின் மூலையில் அவள் வலை பின்னத் தொடங்கினாள். துண்டோடு துண்டை முடிந்தாள். சிவப்பு தீர்ந்தால் பச்சை, பச்சை தீர்ந்தால் மஞ்சள். வலையின் கண் பெரிதாக இருந்தால் வைரவன் தலையை நுழைத்துவிடுவான். அதனால் நெருக்கி நெருக்கிப் போட்டாள். சில இடங்களில் தப்பாகிப் பிரித்தாள். விரல்கள் சிவந்து எரிந்தன. எதிரே சீதா தம்பியோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தாள். ஷாகிரா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அடி விழுவது சீதாவுக்குத்தானே?

வலைகள் இரண்டும் முடிந்த காலையில், அவற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

"அக்கா, இது உருளாது. ஒரு தடவை பாருங்க."

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு சத்தம். சுத்தியலோடு தனபாலன் மாமா நின்றிருந்தார். வாயிலிருந்து ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டார்.

"சுவத்துப் பக்கம் ஒரு கட்டை அடிச்சாதான் நிக்கும்" என்றார்.

அவருக்குக் குரல் இருப்பதே ஷாகிராவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கட்டை அடித்து, வலையை இழுத்துக் கட்டி, நடுவே பாய் விரித்தார்கள். வைரவனை உள்ளே இறக்கினார்கள். அவன் வலையைப் பிடித்து எழுந்து நின்றான். உலுக்கினான். கடித்தான். வலை அசைந்ததே தவிர விழவில்லை. பிறகு பக்கத்துக் கடைக்காரர் நீட்டிய முள்ளங்கியை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டான்.

முத்துலட்சுமி அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ஷாகிராவின் சிவந்த விரல்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் எம் புள்ளைக்கா பண்ணே?"

ஷாகிரா தலையாட்டினாள். சீதாவுக்காகவும்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

"சீதா, இன்னா நின்னுகினு கீறே? இவன நான் பாத்துக்கறேன். போ, போய் ஆடு!"

சீதா அசையவில்லை. தம்பி இல்லாமலேயே அவள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெறும் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பாவாடையில் துடைத்தாள்.

"இன்னா ஆட்றது?" என்று மெல்லக் கேட்டாள்.

பாண்டி, கல்லாங்காய், கண்ணாமூச்சி என்று ஷாகிராவுக்கு எத்தனையோ ஆட்டம் தெரியும். அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஓடலாமா?" என்றாள்.

"எங்கே?"

"சும்மா!"

சீதா ஷாகிராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காய மூட்டைகளைத் தாண்டி, வாழையிலைக் கட்டுகளைத் தாண்டி, "பாத்துப் போங்கடி!" என்று கடைக்காரர்கள் திட்டத் திட்ட, இருவரும் மார்க்கெட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி மூச்சிரைக்க ஓடினார்கள்.