நீலத் துப்பாக்கி கறுத்த கதை

லியோனி ஆஷ்வொர்த் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியின் ஓரத்தைக் கடிக்கப் போன நேரத்தில், ரோவெனா பிக்ஃபோர்ட் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தலையெல்லாம் மழை. கையில் ஒரு தாள், நாலாக மடித்திருந்தது.

"என் துப்பாக்கிக்கு யாரோ கறுப்புப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. நான்தான் அடிச்சேன்னு கிளிஃப் சொல்றார். ஏதாவது பண்ணுங்க," என்றாள்.

லியோனி பேஸ்ட்ரியைக் கீழே வைத்தாள். வாரநாட்களில் காப்பீட்டு மோசடிகளைத் துருவுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லங்காஷயரின் இந்த ஈரக் காட்டில், ஏர்சாஃப்ட் ஆட வருகிறவர்களின், பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கிகளை வேகமானியில் சுட்டுப் பார்த்து, குண்டின் வேகத்தைக் குறித்துவைப்பாள். சோதனையில் தேறிய துப்பாக்கியின் விசைக் காப்பில் அன்றைய நிறத்தில் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் வளையம் ஒன்றை மாட்டுவது பார்னி கிராப்ட்ரீயின் வேலை. தபால்காரன், இரண்டு வருடமாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எடுபிடி. அவனைத் துப்பறிவாளன் என்று யாரும் சொன்னதில்லை, அவனைத் தவிர.

"நீலமாத்தானே இருந்துச்சு? காலையில நானே டை மாட்டினேன். ஐஸ்கிரீம் வண்டி வந்திருக்குன்னுகூடக் கிண்டல் பண்ணேன்," என்றான் பார்னி.

"பண்ணீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் ரோவெனா கசப்பாக.

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. பதிவு இல்லாதவர்களுக்குக் கடையில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில்தான் துப்பாக்கி விற்பார்கள். அசல் போலக் கறுப்பில் வேண்டுமானால், ஒரே களத்தில் மூன்று ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஐம்பத்தாறு நாளாவது ஓடியிருக்க வேண்டும். களத்தார் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் நீலத்தைக் கறுப்பாக்கினால் குற்றம். இன்று அவளுக்கு மூன்றாவது ஆட்டம், ஐம்பத்தொன்பதாம் நாள். நாலாக மடித்த தாள் அந்த விண்ணப்பம்தான்.

"நான் பள்ளிக்கூடத்து ஆய்வகத்துல வேலை பாக்கறேன். துப்பாக்கி விஷயத்துல போலீஸ் வரைக்கும் போனேன்னு தெரிஞ்சா, திங்கட்கிழமை என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க."

மூவரும் களத்து அலுவலகத்துக்கு நடந்தார்கள். உரிமையாளர் கிளிஃப் ஹாலிவெல் அங்கே கைகட்டி நின்றார். பக்கத்தில் தலைமை மார்ஷல் டெஸ்மண்ட், எட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் ஆட்டம் நடத்துகிறவர், விண்ணப்பங்களில் கையெழுத்திடும் அதிகாரமும் அவருக்கே. நாற்காலியில் திருமதி யீட்ஸ், களத்தின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மதியம் திடீரென்று சோதனைக்கு வந்தவர். மேசையில் கறுப்புத் துப்பாக்கி.

"பாருங்க." கிளிஃப் நகத்தால் சுரண்டிய இடத்தைக் காட்டினார். கறுப்புக்கு அடியில் நீலம் பளிச்சென்று தெரிந்தது. "சோதனைக்கு வரேன்னு இந்தம்மா காலைலயே சொல்லியிருந்தா நானே எல்லாரையும் எச்சரிச்சிருப்பேன். பன்னெண்டே முக்காலுக்குத்தான் போன் வந்துச்சு. வந்ததும் முதல் பையைத் திறந்தா இது."

"முதல்ல ஊழியர் அலமாரியைப் பாப்பீங்கன்னு நெனச்சோம்," என்றார் டெஸ்மண்ட் மெதுவாக.

"புது ஆட்களிலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம்," என்றார் திருமதி யீட்ஸ்.

பார்னியால் பொறுக்க முடியவில்லை. "சாப்பாட்டு நேரத்துல யாரோ ஸ்பிரே அடிச்சிருக்கான். போன வாரம் இவங்ககிட்ட தோத்த அந்தக் குண்டன்தான். இப்பவே போய்க் கையைப் பாத்தா..."

"முக்கால் மணி நேரத்துல, இந்தத் தூறல்ல, எந்தப் பெயின்ட் காயும் பார்னி?" லியோனி குனிந்து முகர்ந்து பார்த்தாள். வாசமே இல்லை. பிறகு ஆரஞ்சு நிறக் கேபிள் டையை இரண்டு விரலால் நகர்த்தினாள். "இது இன்னைக்கு நிறம். நீ காலைல மாட்டினது. டைமேல ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல. அடியில என்ன நிறம்?"

பார்னி குனிந்தான். "கறுப்பு."

"அப்போ டை மாட்டறதுக்கு முன்னாடியே இது கறுப்பு. ஆனா ரோவெனாவோடதுல நீ மாட்டினப்போ அது நீலம்."

பார்னிக்கு ஒரு நிமிடம் தலை சுற்றியது. கிளிஃபுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கட்டிய கையை அவிழ்த்தார்.

"பெயின்ட், பெயின்ட்னே எல்லாரும் கத்தினோம். துப்பாக்கியே வேறன்னு யாருக்கும் தோணல," என்றாள் லியோனி. "பார்னி, வேகமானியைக் கொண்டு வா. குறிப்பேட்டையும்."

வெளியே கூரைச் சரிவின் கீழ் வைத்துச் சுட்டார்கள். பத்துக் குண்டு. வினாடிக்கு முந்நூற்று நாற்பத்தொன்று அடி, நாற்பத்திரண்டு, நாற்பது. லியோனி குறிப்பேட்டைத் திருமதி யீட்ஸிடம் நீட்டினாள்.

"பிக்ஃபோர்ட், காலைல முந்நூற்றுப் பதினெட்டு. ஒரே நாள்ல, தொடாம, இருபத்திமூணு அடி ஏறாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதது வேகம். இதே மாடல் இன்னைக்கு ரெண்டே ரெண்டுதான் வந்திருக்கு. இன்னொண்ணுக்கு எதிர்ல என்ன எழுதியிருக்கு?"

"முந்நூற்று நாற்பத்தொன்று. டெஸ்மண்ட் ஃபேர்கிளஃப்," என்று படித்தார் திருமதி யீட்ஸ்.

டெஸ்மண்ட் போய் ஊழியர் அலமாரியிலிருந்து தன் நீளப்பையை எடுத்துவந்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே நீலத் துப்பாக்கி, ஆரஞ்சு டையோடு.

"ஏண்டா?" என்றார் கிளிஃப். அந்தக் குரலில் கோபத்தைவிடக் குழப்பமே அதிகம்.

பதில் சொன்னது லியோனி. "குறிப்பேட்டுல மாடல் எழுதறோம், நிறம் எழுதறதில்ல. பேர் இருக்கற ஒவ்வொரு துப்பாக்கியையும் காட்டியாகணும். ஒளிச்சு வைக்க முடியாது. கறுப்பைக் காட்டினா பதிவு அட்டை கேப்பாங்க. நீலத்துக்கு அட்டை வேண்டாம். அதனால தன் கறுப்பை ரோவெனா பையில வெச்சுட்டு அவங்க நீலத்தை எடுத்துக்கிட்டார். அலமாரியைப் பாத்து முடிச்சதும் திருப்பி மாத்திடலாம்னு கணக்கு. ஆனா இவங்க புது ஆட்கள் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டாங்க. டெஸ், உங்க பதிவு எப்போ முடிஞ்சுது?"

"மார்ச்ல," என்றார் டெஸ்மண்ட். "புதுப்பிக்க மூணு ஆட்டம் காட்டணும். கட்டணம் கட்டினவங்க பேர்தான் ஆட்டக்காரர் தாள்ல ஏறும். மார்ஷல் கட்டறதில்ல. எட்டு வருஷமா இந்தச் சேத்துலதான் கெடக்கறேன், தாளைப் பாத்தா ஒரு நாள்கூட நான் வரல. பழைய துப்பாக்கி உடைஞ்சுது, கடைக்குப் போனேன். என் கையெழுத்துல பதிவு வாங்கின பையன் எனக்கு நீலத்தை எடுத்துக் குடுக்கறான். வெக்கமா இருந்துச்சு. வீட்டுக்குப் போய் அடிச்சுட்டேன்."

"என்னை மாட்டிவிடறப்போ வெக்கமா இல்லையா? அரை மணி நேரமா நான் தவிச்சுகிட்டு நிக்கறேன், நீங்க பக்கத்துலயே நின்னு பாத்தீங்க," என்றாள் ரோவெனா.

டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"நடந்ததை நடந்தபடி எழுதுவேன்," என்றார் திருமதி யீட்ஸ்.

கிளிஃப் பெருமூச்சு விட்டார். "டெஸ், இந்த நிமிஷத்துலேர்ந்து உனக்குக் கையெழுத்து அதிகாரம்..."

"கொஞ்சம் பொறு கிளிஃப்," என்றாள் லியோனி. "இவரை விட்டா வேற யார் போடறது?"

"யாரும் இல்ல. புது ஆளுக்கு அனுமதி வர ஆறு வாரம் ஆகும்."

"அப்போ அந்த வாக்கியத்தைப் பாதியிலயே வெச்சுக்கோ."

ரோவெனா மடித்த தாளைப் பிரித்து டெஸ்மண்ட் முன்னால் வைத்துப் பேனாவையும் வைத்தாள். "முதல்ல இதுல போடுங்க. அப்புறம் எங்க வேணா போங்க. உங்க மேல எனக்கு இரக்கமே வரல."

டெஸ்மண்ட் கையெழுத்திட்டார், தேதியும் போட்டார். கிளிஃப் விட்ட வாக்கியத்தை முடித்தார். மழையில் டெஸ்மண்ட் வண்டியை நோக்கி நடப்பதை யாரும் பார்க்க விரும்பவில்லை.

"ஆனா கிளிஃப், எட்டு வருஷம் வேலை வாங்கினவருக்கு ஒரு வரி எழுத உங்க தாள்ல எடமில்லையா?" என்றாள் ரோவெனா.

கிளிஃப் ஆட்டக்காரர் தாள்களின் கட்டை எடுத்துப் புரட்டினார். பதில் அதில் இருக்கிறதுபோல வெகுநேரம் புரட்டினார். அவர் கீழே வைத்ததும் பார்னி அதை இழுத்துக்கொண்டான். அவனுடைய பதிவும் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஆறு மாதமாகக் கடைக் கண்ணாடிக்குள் அவன் பார்த்துவைத்திருக்கும் கறுப்புத் துப்பாக்கி ஒன்று உண்டு. இந்த ஞாயிறு, போன ஞாயிறு, அதற்கு முந்தியது. கிராப்ட்ரீ என்ற பெயர் எதிலும் இல்லை. இரண்டு வருடமாக அவன் டை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

"கிளிஃப், ஆட்டம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ரெண்டு மணி நேரம்."

பார்னி கட்டணத்தை எடுத்து மேசையில் வைத்தான். தாளின் கடைசி வரியில் தன் பெயரைத் தானே எழுதினான், பெரிய எழுத்தில்.

ரோவெனா தன் நீலத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் நின்று திரும்பினாள்.

"மெதுவா வாங்க பார்னி. இன்னும் ஐம்பத்தாறு நாள் இருக்கு."