மாலைக்கு விட்ட இடம்

அந்தச் சனிக்கிழமை காலை சிவலிங்கம் குசினியில் நின்று பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தார். ரதி கையைப் பழந்துணியில் துடைத்தபடி கராஜிலிருந்து வந்தாள். எப்போதும்போல அவள்மேல் சாயம் குழைக்கும் லின்சீட் எண்ணெயின் மணம்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா செவன் ஹில்ஸுக்குப் போய் புவாலனியிட்ட மாலையை வாங்கிக்கொண்டு வாங்கோவன். கட்டி வச்சிட்டாவாம்."

"என்ன மாலை?"

"என்ர படத்துக்கு. கழுத்து மட்டும்தான் மிச்சம்."

சிவலிங்கம் கத்தியைக் கீழே வைத்தார். "உயிரோட இருக்கிற மனுசிக்கு மாலை போட்ட படம் இந்த வீட்டில வேண்டாம், ரதி. நான் போகமாட்டன்."

"அப்ப கராஜில மாலையோட படமா இருக்கிற பதினொரு பேரும் பேயளே?" ரதி சிரித்தாள். "போன கிழமை தாவிட்டா உங்கட புட்டை மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர். பேய் அப்பிடிச் சாப்பிடுமே?"

"நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்குப் பூ வாடியிடும். நீங்கள் பாணைச் சாப்பிடுங்கோ. நானே போட்டு வாறன்."

கார் பின்வாங்கும் சத்தம் கேட்டது. அவர் பாணின் மற்றத் துண்டுக்கும் பட்டர் பூசினார்.

ரதி செவன் ஹில்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு வருடம் வேலை செய்தவள். அங்கே அவளோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் சமோவா, டொங்கா தீவுகளைச் சேர்ந்தவர்கள். ஒருநாள் உணவு இடைவேளையில் சலவைக்காரப் பெண் ஒருத்தியின் முகத்தைக் காகிதத்தில் கீறியதுதான் தொடக்கம். பிறகு ஒவ்வொருவராக நார்த்மீட் வீட்டுக்கு வந்து, கராஜில் ஒரு பழைய மரக் கதிரையில் அமர்ந்தார்கள். இரவுக் காவலாளி தாவிட்டா தன் அகலமான தோள்களோடு அதில் உட்கார்ந்தபோது கதிரை அழுதது. ஹவாயில் பிறந்த புவாலனி உட்கார்ந்த நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள். கடைசி நாளில் அவரவர் தங்கள் மாலையோடு வருவார்கள். சிவப்புக் கொட்டைகள், இலைகள், வெள்ளையும் நடுவில் மஞ்சளுமான ஈழத்தலரிப் பூக்கள். மாலையை ரதி எப்போதும் கடைசியாகத்தான் தீட்டுவாள், அதுவும் பூவை நேரில் பார்த்து. அதுவரை படத்தின் கழுத்து வெறுமையாகவே இருக்கும்.

அவர்களுக்கு மாலை என்பது வரவேற்பு, பிறந்தநாள், பட்டமளிப்பு. சிவலிங்கத்துக்குத் தெரிந்த வீடுகளிலோ, மாலை போட்ட படம் என்றால் ஒரே அர்த்தம்தான். ஆறு வருடமாக அவர் அந்தக் கராஜுக்குள் லைட் போடாமல் போனதில்லை.

ரதி மாலையை வாங்கவில்லை. ஓல்ட் வின்சர் ரோட்டில் ஒரு லொறி சிவப்பு விளக்கில் நிற்கவில்லை.

செத்தவீட்டுக்குப் புவாலனி அந்த மாலையைக் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் வைக்கக் குனிந்தவளின் மணிக்கட்டைச் சிவலிங்கம் பிடித்துக்கொண்டார். மண்டபமே பார்த்தது. "இது அவளுக்காகக் கட்டியது," என்று அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அவர் கையை விடவில்லை. ரதி வெறுங்கழுத்தோடு எரிந்தாள்.

முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு ஐயரை ஒழுங்கு செய்ய, இரண்டு கிழமை முன்னதாகவே ரதியின் அக்கா மனோரமா வந்தாள்.

"தம்பி, ஒரு படத்தைப் பெருப்பிச்சு மாலை போட்டு ஹோலில வைக்கவேணும். சனம் வரும்."

"வேண்டாம் அக்கா."

"வேண்டாமெண்டால்? செத்த மனுசியைச் செத்ததெண்டு சொல்லாமல் எத்தினை நாளைக்கு இருக்கப் போறீர்?"

மாலை விழாதவரை ஏதோ ஒன்று இன்னும் முடியவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மனோரமா போனதும், ரதி தன்னைத் தானே தீட்டிய படத்தைக் கராஜில் ஈசலின்மேல் நிமிர்த்தி வைத்தார். நீலச் சேலை, நரைத்த வகிடு, வெறும் கழுத்து. கழுத்தில் மாலைக்காக அவள் விட்ட இடம் வெளிறிக் கிடந்தது. அதற்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

பிறகு நடந்ததெல்லாம் பகலில்தான் நடந்தது. அதனால்தான் அவரால் கனவு என்று தள்ள முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணி. வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கராஜ் கதவைத் திறந்ததும் எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. ஆள் புழங்காத அறையின் மணம் அல்ல. ஒருவர் வேலை செய்து இப்போதுதான் எழுந்துபோன மணம்.

படத்தின் இடது தோளில் ஒரு வெள்ளைப் பூ.

அவர் விரலால் தொட்டார்.

ஈரம்.

அவர் கதிரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சந்தோஷத்தில்தான். ஜாடிக்குள் நின்ற தூரிகைகளில் மிகச் சிறியதின் நுனி நனைந்திருந்தது. "ரதி, இஞ்ச நிக்கிறீரே?" என்று கேட்டார். சுவர்களிலிருந்து பதினொரு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த நாள் இரண்டாவது பூ. பிறகு மூன்றாவது. அந்த நாட்களில் அவர் இரண்டு கோப்பைத் தேநீர் போட்டார். பாடக்கூடச் செய்தார். குசினியில் நிற்கும்போது கராஜ் பக்கமிருந்து கான்வாஸில் தூரிகை மயிர் உரசும் சத்தம் வரும், சரக், சரக் என்று. ஓடிப்போய்த் திறந்தால் நின்றுவிடும்.

ஏழாவது பூ நெஞ்சுவரை இறங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் தனக்குத்தானே மாலை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நுனியும் சேர்ந்தால் அது மாலை போட்ட படம். அதற்குப் பிறகு மணமும் இல்லை, சத்தமும் இல்லை, ரதியும் இல்லை.

தட்டைக் கத்தியை எடுத்து ஏழு பூக்களையும் சுரண்டினார். ஈரமாயிருந்தது வழிந்து வந்தது. காய்ந்ததை நகத்தால் கிளப்பினார். "போகாதையும்," என்றார். "நான் விடமாட்டன்."

காலையில் மீண்டும் ஒரு பூ. சுரண்டினார். அதற்கடுத்த காலை இரண்டு. சுரண்டினார். அந்தியேட்டி நாளன்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டார். மனோரமா தன் வீட்டில் வைத்துச் செய்தாள். மூன்று கிழமை இப்படியே போனது. கான்வாஸ் கழுத்தருகே நைந்து, பின்னாலிருந்த வெளிச்சம் தெரியத் தொடங்கியது. தீட்டிய முகமும் மாறிவிட்டதாக அவருக்குப் பட்டது. உதடுகள் கொஞ்சம் திறந்திருந்தன, நீண்டநேரம் வலியைப் பொறுத்தவள்போல.

ஒரு பிற்பகல், கத்தியின் நுனி கான்வாஸைக் கிழித்து உள்ளே போனது.

புல்வெட்டும் சத்தம் நின்றது. பறவைச் சத்தமும் நின்றது.

அவருடைய காதுக்கு மிக அருகில், எண்ணெய் மணக்கும் மூச்சோடு:

"கழுத்து நோகுதப்பா."

கத்தி சீமெந்துத் தரையில் விழுந்தது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று தெரியாது. பிறகு காலில் செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து, எதிர்வீட்டு வேலிக்கு வெளியே சாய்ந்திருந்த ஈழத்தலரியிலிருந்து பூக்களைப் பறித்தார். கிளைகளிலிருந்து பால் வடிந்து கையெல்லாம் ஒட்டியது. ரதியின் தையல்பெட்டியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக் கோத்தார். கோணலாக வந்தது. சில பூக்கள் கிழிந்தன. அந்தச் சனிக்கிழமை காலை பத்து நிமிடம் காரோட்டிப் போய் வாங்கிவந்திருக்க வேண்டிய மாலை இது. போயிருந்தால் லொறி கடந்த நேரத்தில் அவள் கராஜில் நின்றிருப்பாள். இத்தனை நாளும் அதை அவர் தனக்குள்ளேகூடச் சொல்லவில்லை.

மாலையைக் கதிரையின் முதுகில் போட்டு, படத்துக்கு எதிரே திருப்பி வைத்தார்.

"வாங்கிக்கொண்டு வந்திட்டன், ரதி," என்றார். "பிந்திப்போச்சு. கீறும்."

கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் உட்கார்ந்தார்.

சரக்.

சரக். சரக்.

பூ வாடுமுன் தீட்டி முடிக்கத் துடிப்பவளின் வேகத்தில் தூரிகை ஓடியது. நடுவில் ஒருமுறை நின்றது. பார்க்க எழுந்தார், பிறகு தன்னை அடக்கி உட்கார்ந்தார். தபால்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து போனான். வெயில் படியிலிருந்து இறங்கி வேலிக்குப் போனது. நாலு மணிபோல, ஜாடியில் தூரிகையைப் போடும் சின்னச் சத்தம் கேட்டது.

உள்ளே போனார். இரண்டு நுனியும் சேர்ந்திருந்தன. கிழிசல் இருந்த இடத்தில் ஒரு பூ. கோணல், கிழிந்த இதழ், எல்லாம் அவர் கோத்தபடியே. ரதியின் உதடுகள் மூடியிருந்தன.

எண்ணெய் மணம் இல்லை.

அவர் அந்தப் படத்தை ஹோலில் கொண்டுபோய் மாட்டினார். பார்க்க வந்த மனோரமா எதுவும் கேட்காமல் ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள். போகும்போது மட்டும், "இப்பதான் நீர் ஆள்," என்றாள்.

வீடு வெறும் வீடாகக் கிடந்தது. தேநீர் ஒரு கோப்பை. எந்தச் சத்தமும் இல்லை. ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் மாலையைச் சுரண்டிப் பார்த்தார். சாயம் கல்லாக இறுகியிருந்தது, நகம்தான் உடைந்தது. கராஜைக் கழுவினார். தூரிகைகளைச் சவர்க்காரம் போட்டு அலசி, துடைத்து, தலைகீழாக நிறுத்தினார். கதவைப் பூட்டிச் சாவியைச் சாமியறையில் வைத்தார்.

காலையில் திறந்தபோது மிகச் சிறிய தூரிகை ஈரமாயிருந்தது.

பன்னிரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றிலும் புதிதாக எதுவும் இல்லை. கதிரையிலும் சுவரிலும் தேடினார். பிறகு முகம் சவரம் செய்யக் குளியலறைக்குப் போய், சட்டையைக் கழற்றினார்.

கண்ணாடியில், இடது தோளெலும்பின்மேல், வெள்ளையும் நடுவில் மஞ்சளுமாக ஒரு பூ.

துடைக்கத் துவாயை எடுத்தார். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். திரும்பக் கொழுவியில் போட்டார்.

இப்போது மனோரமா வரும் நாட்களில் அவர் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொள்கிறார். "உந்த வெக்கைக்குள்ள என்னத்துக்கு இப்பிடி இறுக்கிப் பூட்டியிருக்கிறீர்?" என்று அவள் கேட்டால், "குளிருது," என்கிறார். நேற்றுக் காலை கண்ணாடியில் எண்ணியபோது ஒன்பது பூ.

அவர் தினமும் அந்தத் தூரிகையை அலசித் துடைத்துத்தான் வைக்கிறார்.

இன்றும் ஈரம்.