குமரவேலுக்குப் போட்ட ப்ராக்ஸி

புதன்கிழமை மாலை மூன்று நாற்பதிலிருந்து மூன்று ஐம்பதுவரை ஹேமாவதி கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு முறை விசை தட்டியதாக அலுவலக நேரப் பதிவில் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தன் கணக்குதான் தப்பாயிருக்கும் என்று நினைத்தாள். பதிவு சிட்னி நேரத்தில் ஓடுவது. நாலரை மணி நேரம் கழிக்க வேண்டும். தாளில் இரண்டு முறை கழித்தாள். சரியாகவே வந்தது. மறுநாள் கணினியை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே வந்த சிட்லபாக்கம் ஏரியின் பாசி நாற்றத்தை முகர்ந்தபடி, குழாய் சொட்டுவதையும் பூட்டிக் கிடந்த கீழ்வீட்டில் எதுவோ உருளுவதையும் கேட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அதே பத்து நிமிடத்துக்குப் பதிவில் முன்னூற்றுத் தொண்ணூறு.

குழுவில் ஏழு பேர், மூன்று தேசங்களில். யார் வேலை செய்கிறார்கள் என்று சிட்னியிலிருக்கும் மேலாளர் கேசவனுக்குச் சொல்வது அந்தப் பதிவு மட்டும்தான்.

போன திங்கட்கிழமை, அதே குழுவிலிருந்த குமரவேல் பம்மலிலிருந்து போன் செய்திருந்தான்.

“ஹேமா, என் லாகின்ல ரெண்டு மணி நேரம் ப்ராக்ஸி போடேன். கோவளத்துல அம்மாவுக்கு முடியல. பைக்ல ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“இது என்ன காலேஜாடா? மாட்டினா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிடும்.”

“சும்மா போடு தாயே. அடுத்த வாட்டி உனக்கு நான் போடறேன்.”

போட்டாள். அவன் பெயரில் உள்ளே போய் இரண்டு மணி நேரம் விசை தட்டினாள். மகன் வந்து சேரவில்லையென்று அவன் அம்மா கங்கையம்மாள் சிட்னிக்கே போன் செய்தபோது, கேசவன் பதிவைப் பார்த்துவிட்டு, “வேலை செஞ்சிட்டிருக்காம்மா, நான் இங்கேர்ந்தே பாக்கறேனே” என்றார். அதை நம்பி அம்மா மகனைத் தேடவில்லை. அந்த நேரம் மேடவாக்கம் சாலையோரப் பள்ளத்தில் பைக்கோடு விழுந்து குமரவேல் உயிரோடுதான் கிடந்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் யாரென்று தெரியாத பிணமாகக் கிடந்தான்.

ஹேமாவதி யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, வேலை போனாலும் போகட்டும் என்று கேசவனுக்கு எழுத உட்கார்ந்தாள். ‘அன்று தட்டியது நான்.’ விரல்களை எடுத்தாள். விசைகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகத் தாமாகவே அமுங்கின. அவள் எழுதியது அழிந்தது. நேற்று பாதியில் விட்ட வேலை திரையில் தொடர்ந்தது.

அக்கா வெண்ணிலாவின் எண்ணை அழுத்திக்கொண்டே ஓடினாள். படியில் கால் மடங்கியது. முதுகு விளிம்பில் மோதியது. போன் இரண்டு படி கீழே போய் விழுந்தது.

“ஹலோ? ஹேமா? ஏய், ஒண்ணும் கேக்கலடி...”

குரல் எழும்பவில்லை. காற்று மட்டும் வந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாதது போலிருந்தது.

போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது.

பிறகு குறுஞ்செய்தி. படுத்தபடியே படிக்க முடிந்தது.

‘பயந்துட்டேன்டி. கேசவன் சார்ட்ட கேட்டேன், வேலையில இருக்கியாம். முடிச்சிட்டு கூப்பிடு.’

திரை அணைந்தது.

மேலே சத்தம். தட். தட். தட். அவசரமில்லாமல்.

தலையை மட்டும் திருப்பினாள். அறையின் தரை அவள் கண்மட்டத்தில். கதவு திறந்திருந்தது. மேசைக்கு அடியில் இரண்டு கால்கள். சேறு காய்ந்த கால்கள். பெருவிரலில் நூலால் கட்டிய அட்டை, ஒவ்வொரு தட்டுக்கும் லேசாக ஆடியது.

பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.