முன்னால் ஒருவர் நிற்கிறார்

மாப்பிள்ளை அந்தப் புதுக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது, உள்ளே இன்ஜின் என்று ஒன்று இருக்கிறதா என்றே மாமனார் கிளட்ச்சுக்குச் சந்தேகமாக இருந்தது. சத்தமே இல்லை. திருடன் மாதிரி வந்து நின்றது.

"பிரசவம் முடியிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் மாமா. நான் வெளியூர்ல இருக்கேன், திடீர்னு வலி வந்தா அந்த வேன்லயா இவளை ஏத்துவீங்க?"

"அந்த வேனுக்கு என்ன கேடு?"

மாப்பிள்ளை சிரித்தார். வண்டி தானே பிரேக் போடும், தானே வளையும், யாராவது குறுக்கே வந்தால் நமக்கு முன்னால் அதுவே பார்த்துவிடும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பெண் குரல் வேறு உள்ளேயிருந்து பேசியது. கிளட்ச் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்புறம் மகளிடம் தனியாக, "எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கும்னா நான் எதுக்கு? தேங்கா உடைக்கவா?" என்று முணுமுணுத்தார்.

கிளட்ச் என்பது சலவை நிலையத்தில் அவருக்கு விழுந்த பெயர். மலைமேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகக் கீழே கொண்டுவருவார். துவைத்துத் தேய்த்து மடித்ததை மேலே கொண்டுபோய் இறக்குவார். அதற்கென்றே ஒரு பழைய வேன். அதில் பட்டன் என்று பார்த்தால் ஹாரன் ஒன்றுதான். கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா என்று யாரைப் பார்த்தாலும் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனுஷன் கையும் காலும் சொல்வதைக் கேட்பதுதான் வண்டி, மனுஷனுக்கே சொல்வது வண்டியில்லை, மாமியார் என்பது அவர் கட்சி.

வலி வந்த அன்று வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். மனைவி, தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போயிருந்தாள். நாள் இன்னும் இருக்கிறதே என்ற தைரியம். வேன் சலவை நிலையத்தில் நின்றது. பொழுது சாய்கிற நேரம், காலையிலிருந்து விடாத மழை. மகள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ரொம்ப வலிக்குதுப்பா" என்றாள். வலியைச் சட்டென்று வெளியே சொல்கிற பெண்ணில்லை அவள்.

வேறு வழியில்லாமல் அந்தக் காரில் ஏறினார்கள். மகள் பின் சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் பாதித் தூரம் அது நன்றாகத்தான் போனது. மலைப்பாதையில் ஏறும்போதுகூடத் திணறவில்லை. மழைக்குத் தானே வைப்பர் போட்டுக்கொண்டது, மேகம் இறங்கியதும் தானே விளக்கைக் கூட்டிக்கொண்டது. அவருடைய இடது கைக்குத்தான் வேலை இல்லை. கியரைத் தேடித் தேடி வெறும் மடியில் வந்து விழுந்தது.

பாறையைக் குடைந்து போட்ட வளைவு ஒன்று வரும். ஒரு பக்கம் ஈரம் கசியும் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்த வளைவில் கார் நின்றது.

அவர் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

"முன்னால் ஒருவர் நிற்கிறார்" என்றது பெண் குரல், பதறாமல்.

கிளட்ச் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலிருந்த திரையில், காரின் படத்துக்கு முன்னால் மனித உருவம் ஒன்று தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில், கைகளைத் தொங்கவிட்டபடி, ஆடாமல் அசையாமல்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் ஒரு அடி நகர்ந்து, காலுக்கடியில் பிரேக் தானே இறுகியது.

"முன்னால் ஒருவர் நிற்கிறார்."

"யாருப்பா?"

"யாருமில்லம்மா. சனியன், இதுக்குக் கண்ணு தெரியல."

பின்னால் எடுத்து மறுபடி வந்தார். அதே இடத்தில் நின்றது. பாறையோடு உரசுகிற மாதிரி ஒதுங்கிப் பார்த்தார். உருவமும் கூடவே ஒதுங்கி வந்து முன்னால் நின்றது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மேலே மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கார் நுழைகிற அளவுக்கு இடம் உண்டு, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"சென்சார்ல தண்ணி பட்டிருக்கும் மாமா. துடைச்சுப் பாருங்க."

"இந்த மழையில துடைச்சா நிக்குமா?"

"அப்ப அந்த வசதியவே நிறுத்திடலாம். நான் சொல்றத அழுத்துங்க."

மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைசியில் பெண் குரல் சொன்னது:

"ஒருவர் முன்னால் நிற்கும்போது இதை நிறுத்த முடியாது."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அந்த முனகலைக் கேட்கப் பொறுக்காமல் கிளட்ச் கதவைத் திறந்து மழையில் இறங்கினார். காருக்கு முன்னால் போய், உருவம் நிற்பதாகத் திரை காட்டிய இடத்தில் இரண்டு கைகளையும் வீசிப் பார்த்தார். காற்றுதான். ஆனால் அந்த இடத்தில் மட்டும் மழையின் வாசனை இல்லை. வெயில் காணாமல் மூட்டையிலேயே கிடந்து புழுங்கிய ஈரத் துணியின் வாடை வந்தது. அவருக்கு நன்றாகப் பழகிய வாடைதான். தன் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நீ யார்கிட்ட பேசிட்டு நின்ன?"

"நான் எங்க பேசினேன்?"

"நீ அங்க நின்னப்ப அதுல ரெண்டு பேர் காட்டுச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "உன் தோளை ஒட்டி, உன் பக்கமா திரும்பி."

கிளட்ச் திரையைப் பார்த்தார். இப்போது உருவம் ஒன்றுதான்.

காருக்கு இன்னும் நெருக்கத்தில்.

அந்த நேரத்தில் அவருக்கு வேன் ஞாபகம்தான் வந்தது. அது இருந்திருந்தால் இந்நேரம் இரண்டாவது கியரைப் போட்டு, எவன் நின்றால் என்ன என்று ஏறிப் போயிருப்பார். அதற்குப் பார்க்கவும் தெரியாது, பயப்படவும் தெரியாது. இந்தப் பாதையில் இத்தனை காலம் அப்படித்தானே போனார். அப்படியானால் இத்தனை காலமும் இந்த வளைவில்...

அதற்கு மேல் யோசிக்க மகள் விடவில்லை. "அப்பா, முடியலப்பா, வண்டிய எடுப்பா" என்று அவள் கத்தியது, சின்ன வயதில் தூக்கத்தில் பயந்து கத்துவதைப் போலவே இருந்தது. கிளட்ச் மறுபடி இறங்கினார். என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலியான ரோட்டைப் பார்த்துக் கைகூப்பினார்.

"யாரா இருந்தாலும் சரி, பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, வழி விடுங்க." மழையில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "இல்ல, கூட வரணும்னா ஏறிக்குங்க. எப்படியாவது என்னைப் போக விடுங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். திரையில் உருவம் இல்லை.

ரோடு காலி என்று கார் ஒத்துக்கொண்டது. மிதித்தார், சமர்த்தாக நகர்ந்தது. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் ஒரு மணி ஒலித்தது.

"பின் சீட்டில் இடதுபுறம் இருப்பவர் பெல்ட் அணியவில்லை."

மகள் படுத்திருந்தது வலதுபுறம்.

கிளட்ச் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டார். பெல்ட் மணி அடித்து அடித்து, ஒரு கட்டத்தில் தானாக நின்றது. பெல்ட்டின் கொக்கி மாட்டுகிற சத்தம் அதற்குச் சற்று முன்னால் கேட்டது.

"கை ரொம்ப சில்லுன்னு இருக்குப்பா" என்றாள் மகள், கண்ணை மூடியபடி. "ஆனா பிடிச்சுக்கிட்டா வலி தெரியல."

அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மறுநாள் மாப்பிள்ளை அடித்துப் பிடித்து வந்தார். கிளட்ச் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

"மழை, மேகம், பாறை. எதையோ ஆள்னு நினைச்சுடுச்சு மாமா. சர்வீஸுக்கு விட்டுடறேன்."

"பெல்ட்டு?"

"அவ பை வெச்சிருப்பா."

பை முன் சீட்டில் கிடந்தது. ஆனாலும் கிளட்ச் அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை சொன்னதை நம்ப அவருக்கே ஆசையாக இருந்தது. மகளிடம் கேட்டார். அவளுக்கு வலியைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை. கடைசியில் குற்றத்தையெல்லாம் காரின் தலையில் போட்டார். பேய் இருந்தால் அது ரோட்டில் இல்லை, அந்த மெஷினுக்குள் இருக்கிறது என்று சலவை நிலையத்தில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தார். சொல்லச் சொல்ல மனசு லேசானது. பேத்தியைத் தன் வேனில்தான் வீட்டுக்குக் கூட்டிப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனைவி வந்துவிட்டாள், வீட்டில் வெந்நீர் போட்டுவைத்துக் காத்திருந்தாள். மாப்பிள்ளை சர்வீஸுக்கு விட்ட காரை எடுத்துவரப் போயிருந்தார்.

நல்ல வெயில். மழை பெய்த சுவடே இல்லை. வேனின் முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு, மூன்று பேர் உட்காரலாம். மகள் குழந்தையோடு ஜன்னலோரம் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வீல் என்று கத்திக்கொண்டிருந்த குழந்தை, கதவைச் சாத்தியதும் அடங்கிவிட்டது.

"பார்த்தியா? என் பேத்திக்கும் பழைய வண்டிதான் பிடிச்சிருக்கு" என்றார் கிளட்ச். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஏம்மா அவ்வளவு ஓரமா ஒடுங்கி உக்காந்திருக்க? நடுவுல இவ்வளவு இடம் கிடக்கே."

"இருக்கட்டும்பா" என்றாள் மகள் தூக்கக் கலக்கத்தில்.

கால் கிளட்ச்சை மிதிக்க, கை கியரைப் போட, வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. எல்லாம் அவர் சொன்னபடி கேட்டது. மேகம் இல்லாத மலைப்பாதை பளிச்சென்று கிடந்தது. அந்தப் பாறை வளைவு வந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஜம்மென்று கடந்தார். வேன் நிற்கவில்லை, யாரும் குறுக்கே நிற்பதாகச் சொல்லவுமில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

வளைவுக்கு அப்புறம் இறக்கம் செங்குத்து. கியரை இரண்டாவதுக்குப் பின்னோக்கி இழுத்தார்.

அவர் புறங்கை ஒரு முழங்காலில் இடித்தது.

ஈரமான சேலைத் துணி. துணிக்குள் சில்லிட்ட எலும்பு.

முழங்கால் உடனே விலகிக்கொண்டது. பயந்து விலகவில்லை. மன்னிக்கவும் என்பதுபோல, பழகிய விதமாகக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளிக்கொண்டது.

நடுவில் யாரும் இல்லை. வெயில் அடித்த வெறும் சீட்டுதான் தெரிந்தது. அதற்கு அப்பால் மகள் ஜன்னலில் தலை சாய்த்து நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவள் கைகள் இரண்டும் மடியில் வெறுமனே கிடந்தன. குழந்தை அவள் மடியில் இல்லை.

குழந்தை நடுவில் இருந்தது. சீட்டுக்கு மேலே ஒரு மடியின் உயரத்தில், மெல்ல ஆடிக்கொண்டு, கண் திறந்து, மேலே எதையோ பார்த்தபடி.

அவர் கால் பிரேக்குக்குப் போனது. போன கால் அப்படியே நின்றது. நிறுத்தினால் நடுவில் இருப்பவள் இறங்கிவிடுவாளோ? குழந்தையோடு?

காலை எடுத்துவிட்டார்.

"குழந்தையக் குடுத்துடு தாயே" என்று உதடு மட்டும் அசையக் கெஞ்சினார். இறக்கம் முடியும் இடத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. அதில் எங்கே கியர் மாற்ற வேண்டும் என்பது அவர் உடம்புக்கு மட்டும் தெரிந்த கணக்கு. அவர் கை கியரைத் தொடுவதற்கு முன்பே, பக்கத்தில் சீட்டு மெல்லக் கிறீச்சிட்டது. முழங்கால் விலகி இடம் கொடுத்துவிட்டது.

புதிதாக ஏறியவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வருஷக்கணக்காக இந்த வேனில், இந்தச் சீட்டில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு மழையில் வளைவில் நின்று அவள் காத்திருந்தது இந்த வேனுக்கு. அவர்தான் வேறு வண்டியில் வந்துவிட்டார்.

வீட்டுத் தெரு வந்தது. வாசலில் மனைவி நின்றிருந்தாள். வேனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

பிரேக்கைத் தொடாமலே கிளட்ச் அவளைக் கடந்து போனார்.

"ஏங்க, ஏங்க" என்று அவள் பின்னால் ஓடிவருவது கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். தெரு முடிந்து பெரிய ரோடு வந்தது. இன்ஜின் திணற ஆரம்பித்தது. அடுத்த கியர் மாற்றியாக வேண்டும். அவர் காலெடுத்துக் கிளட்ச்சின் மேல் வைத்தார்.

பக்கத்தில் சீட்டு கிறீச்சிட்டது.