தலைக்கு மேல் போன ஹெலிகாப்டர்

வளையல் பெட்டி திறந்து கிடந்தது. வைர வளையலைக் காணோம்.

மாலை மணி ஐந்து. படுக்கையறை வாசலில் நின்ற பெண் இன்ஸ்பெக்டருக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. "ஸ்பீக்கர்காரனைத் தூக்கிப் போட்டுக் கேஸை முடியுங்க" என்று மேலதிகாரி போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். இவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அந்த ஸ்பீக்கர்காரர் அடுத்த அறையில், நாலு பேர் உட்கார்ந்தாலே மூச்சு முட்டும் சின்ன ஹோம் தியேட்டரில், கூரையில் ஸ்பீக்கர் மாட்ட வந்தவர். திரைப் பக்கம் இரண்டு, நாற்காலிகளுக்குப் பின்னால் இரண்டு.

"மூணு மணிக்கு வயரெல்லாம் குத்தி முடிச்சேன், மேடம். சத்தத்தைச் சரிபார்க்கிற மைக் வேன்ல இருந்துச்சு. தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள இந்தக் கூத்து."

"வேனுக்கு எந்த வழி?"

"இந்த ரூமைத் தாண்டித்தான்." அவர் கைகூப்பினார். "திருடன்னு பேர் வந்துட்டா எந்த வீட்டுலயும் என்னைப் படியேத்த மாட்டாங்க, மேடம்."

வீட்டுக்காரம்மா குறுக்கிட்டார். "வேற யாரு எடுப்பா? நான் சமையலறையில இருந்தேன். என் தம்பி தியேட்டர்ல படம் பார்த்தான். சத்தம் வீடே அதிர்ந்துச்சு."

தம்பி தலையாட்டினான். "ஹெலிகாப்டர் சீன், மேடம். திரையிலேருந்து கிளம்பி, தலைக்கு மேல வந்து, முதுகுப் பக்கமா போச்சு பாருங்க, அசந்துட்டேன்! நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல."

"அவனுக்குப் பாம்புக் காது" என்றார் அக்கா பெருமையாக. "ஸ்பீக்கர் லேசா கரகரத்தாலும் கண்டுபிடிச்சிடுவான்."

"அதுக்கப்புறம் யாராவது உள்ளே போனீங்களா?"

"இல்லை. வளையல் இல்லைன்னு தெரிஞ்சதுமே ரெண்டு அறையையும் பூட்டிட்டேன்."

அந்தச் சத்தத்தில் பக்கத்து அறைக்கதவு திறப்பது கேட்குமா? அதையாவது பார்த்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் தியேட்டரைத் திறக்கச் சொல்லி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அதே சீனைப் போடுங்க."

திரையில் ஹெலிகாப்டர் புள்ளியாகத் தெரிந்து, பெரிதாகி, தலைக்கு மேலே மறைந்தது. சத்தமோ பின்மண்டையில் தொடங்கித் திரைப் பக்கம் போய் அடங்கியது. இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார். பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் அதேதான். ஸ்பீக்கர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! கூரையோட முன்வயரையும் பின்வயரையும் மாத்திக் குத்தியிருக்கேன். மைக் வச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு மானக்கேடு!"

இன்ஸ்பெக்டரின் கால் ஆடுவது நின்றது.

"தம்பி, நீங்க கேட்ட ஹெலிகாப்டர் எந்தப் பக்கத்திலேருந்து வந்துச்சு?"

"திரையிலேருந்து..." அவன் பார்வை கூரைக்குத் தாவியது.

"இங்கே உட்கார்ந்து கேட்டவங்க யாரும் அப்படிச் சொல்ல முடியாது. பாம்புக் காதுக்குத் தப்புமா? இவர் வேனுக்குப் போனதும், படத்தைச் சத்தமா ஓடவிட்டு அக்கா அறைக்குப் போனீங்க. ஏற்கெனவே பார்த்த படம், அதை வச்சே கதை அளந்தீங்க."

தம்பி தலைகுனிந்து பைக் சாவியை நீட்டினான். பைக் சீட்டுக்கு அடியிலிருந்து கான்ஸ்டபிள் வளையலை எடுத்து வந்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா!" அக்காவால் அழுகையை அடக்க முடியவில்லை.

ஸ்பீக்கர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குனிந்தார். "ஒரு நிமிஷம், மேடம். வயரை மாத்திட்டுக் கிளம்பிடறேன்."

"கையை எடுங்க!" இன்ஸ்பெக்டர் போட்ட அதட்டலில் அவர் துள்ளி விழுந்தார். "உங்களைக் காப்பாத்தின சாட்சி அதுதான். கேஸ் முடியற வரைக்கும் தப்பாவே இருக்கட்டும்."