நாலாவது நிறம்

கிறிஸ்ரினாவின் தம்பி றொஜன் கடலுக்குப் போய்ப் பதினொரு நாளாகிவிட்டது. அவன் போன வள்ளம் மட்டும் சுருவில் கிராமத்துக் கரையில் ஒதுங்கியது. அம்மா மேரிசுகந்தி இரங்கல் பூசைக்குச் சம்மதிக்கவில்லை. பின்கதவைச் சாத்தவும் விடவில்லை. கடலுக்குப் போனவன் திரும்பும்வரை கொண்டி போடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

வீட்டின் அமைதி தாங்காமல் கிறிஸ்ரினா தன் இயந்திரத்தைத் தரையில் விட்டாள். பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக அவள் செய்த, ஆமைபோல் ஊரும் சிறு வண்டி. எந்தப் பொருளின் பெயரையும் அதற்கு அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. அது போய் முட்டும், தள்ளும், தொட்டதன் சூட்டையும் ஈரத்தையும் அறியும், தானாகவே வகை பிரிக்கும். அசையாத சுவரும் அலுமாரியும் கணினித் திரையில் நீலப் புள்ளிகள். தள்ளினால் நகரும் கதிரையும் வாளியும் மஞ்சள். முட்டியதும் தாமாக விலகுபவை பச்சை.

"உன்ர ஆமை என்னையும் கோழியையும் ஒண்டாக்கிப்போட்டுது" என்று போன மாதம் அம்மா சிரித்தாள்.

"கோழி கோவிக்கப்போகுது" என்றான் றொஜன்.

இன்று பின்வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி. அப்படியொரு நிறம் இதுவரை வந்ததில்லை. எழுந்துபோய்ப் பார்த்தாள். பனையோலைகள் உரசும் சத்தமும், காற்றோடு வந்த பாசி நாற்றமும், செபமாலை முடிந்தும் அணைக்காத மெழுகுதிரியின் புகையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆமை அந்த வெறும் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. சில்லுகள் சுழன்றன. வண்டி நகரவில்லை. பிறகு மெல்லப் பின்னால் வந்தது.

பதிவைப் படித்தாள். குளிர். ஈரம். தள்ளினால் திருப்பித் தள்ளுகிறது.

அடுத்த புள்ளி குசினியில்.

அதற்கடுத்தது சாப்பாட்டு மேசையடியில்.

"அம்மா, கதவைப் பூட்டுவம்."

"வேண்டாம், பிள்ளை."

"ஆரோ உள்ள வந்திட்டினம், அம்மா!"

"ஆரோ எண்டு சொல்லாதை."

அம்மா கதிரையில் இருந்தாள். ஆமை அவளை நோக்கி ஊர்ந்தது. காலைத் தொடவில்லை. காலுக்கு ஒரு முழம் முன்னால் முட்டி நின்றது.

சிவப்பு.

அம்மாவின் கை மடிக்கு மேலே காற்றில் மெல்லப் போய்வந்தது, அங்கே சாய்ந்திருக்கும் தலையைக் கோதுவதுபோல. விரல்நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடியும் சொட்டியது.

"அவன் செத்திட்டான், பிள்ளை. அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றாள், குனிந்தபடியே. "செத்தாலும் என்ர பிள்ளைதானே."